நாலு பெல்ட்டும் ஒரு இடுப்பும்

கேள்வி: ஏனுங்க ஆசிரியரே, குத்துச்சண்டையின் மிகப் பெரிய எடைப் பிரிவைப் பற்றி 2025 ஜூலையில் "ஹெவிவெயிட்டில் மறுபேச்சில்லாத ஒரே சாம்பியன் உசிக்" என்று எழுதினீர்கள். நவம்பரில் "ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஃபேபியோ வார்ட்லி" என்று எழுதினீர்கள். நடுவில் உக்ரைன் வீரர் உசிக் யாரிடமும் தோற்கவில்லையே? ஒரே சாம்பியன் என்று ஒருவர் நிலைத்து நிற்க இனி வழியே இல்லையா? கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகள் நடத்தும் யூ.எஃப்.சி. மாதிரி எல்லாவற்றையும் ஒரே கம்பெனி நடத்தினால் இந்தக் கூத்து தீராதா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பெல்ட் கணக்குப்படி இரண்டும் சரிதான். கேவலம் அதில்தான் இருக்கிறது.

கோபிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் ஏலம் நாலு இடத்தில் நடக்கிறது. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை, ஈரோடு சொசைட்டி, உங்கள் கோபி சொசைட்டி. ஒரே காட்டு மஞ்சளைப் பிரித்து நாலு இடத்திலும் போட்டால் நாலு விலை வரும். யாரும் வாயைப் பிளப்பதில்லை. குத்துச்சண்டையிலும் உலகப் பட்டம் கொடுக்க நாலு அமைப்பு, அதாவது நாலு கடை உண்டு. 1921இல் அமெரிக்காவில் வேறு பெயரில் தொடங்கி 1962இல் பெயர் மாறிய டபிள்யூ.பி.ஏ., 1963இல் மெக்சிகோவில் பிறந்த டபிள்யூ.பி.சி., 1983இல் ஐ.பி.எஃப்., 1988இல் போர்ட்டோ ரிக்கோவில் டபிள்யூ.பி.ஓ. ஒவ்வொன்றுக்கும் பட்டத்தின் அடையாளமாகத் தனி பெல்ட், தனி தரவரிசை, "அடுத்து இவனோடுதான் மோத வேண்டும்" என்று தனி உத்தரவு. நாலு பெல்ட்டையும் ஒரு இடுப்பில் கட்டியவனுக்கு நாலு முதலாளி.

உசிக் விஷயத்தில் நடந்தது அதுதான். 2024 மே 18, ரியாத். நாலு பெல்ட்டுக்கும் சேர்த்து உசிக்கும் பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரியும் மோதினார்கள். ஃபியூரி சுமார் 119 கிலோ, உசிக் 101 கிலோ. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து தள்ளாடி, நடுவர் எண்ண வேண்டியதாயிற்று. புள்ளி போட்ட மூன்று நடுவர்களில் இருவர் உசிக் பக்கம், ஒருவர் ஃபியூரி பக்கம். 1999இல் லெனாக்ஸ் லூயிஸ் ஹோலிஃபீல்டை ஜெயித்த பிறகு, ஹெவிவெயிட்டில் ஒரே சாம்பியனை உலகம் மறுபடி பார்த்தது அன்றுதான். கால் நூற்றாண்டுக் காத்திருப்பு. எத்தனை நாள் நிலைத்தது? அடுத்த மாதமே ஐ.பி.எஃப். பெல்ட் போயிற்று. ஃபியூரியோடு மறுசண்டைக்கு உசிக் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார். ஐ.பி.எஃப்.போ எங்கள் வரிசையில் நிற்கும் டேனியல் டுபுவாவோடு மோது என்றது. உசிக் பெல்ட்டை விட்டார், டுபுவாவுக்கு அது வீடு தேடிப் போனது.

இந்த டுபுவா யார் என்று பாருங்கள். 2023 ஆகஸ்ட்டில் போலந்தில் இதே உசிக்கிடம் ஒன்பதாவது ரவுண்டில் விழுந்தவர். அந்த பெல்ட்டைப் பொறுத்தவரை விழுந்தவர் சாம்பியன், விழவைத்தவர் முன்னாள் சாம்பியன்! 2025 ஜூலையில் வெம்ப்ளியில் இருவரும் மறுபடி மோதினார்கள். இந்தமுறை ஐந்தாவது ரவுண்டிலேயே முடிந்தது. நாலு பெல்ட்டும் திரும்ப உசிக்கிடம். நாலு மாதம் கழித்து டபிள்யூ.பி.ஓ.வின் முறை. அவர்கள் வரிசையில் நின்ற ஜோசப் பார்க்கரை அக்டோபரில் வார்ட்லி வீழ்த்தினார். உசிக் நவம்பரில் அந்த பெல்ட்டை விட்டுவிட, அது வார்ட்லிக்குப் போனது. வார்ட்லியைக் குறைசொல்ல மாட்டேன். பார்க்கரை அடித்து வீழ்த்துவது விளையாட்டல்ல. ஆனால் சாம்பியனை அவர் அடிக்கவில்லை.

"சாம்பியனுக்குப் பயம், அதான் ஒதுங்குகிறார்" என்று டீக்கடையில் சொல்வார்கள். பயம் எப்போதாவது உண்டுதான். 1992இல் ஹோலிஃபீல்டை ஜெயித்து மூன்று பெல்ட் வாங்கிய ரிடிக் போ, லெனாக்ஸ் லூயிஸோடு மோதச் சொன்ன டபிள்யூ.பி.சி. பெல்ட்டை லண்டனில் கேமராக்கள் முன்னால் குப்பைத்தொட்டியில் போட்டார். அதைக் கொள்கை என்று நினைக்க நான் இளிச்சவாயன் இல்லை. ஆனால் உசிக் கதையில் பயத்துக்கு இடமே இல்லை. ஃபியூரியை இரண்டுமுறை, முன்னாள் சாம்பியன் ஜோஷுவாவை இரண்டுமுறை, டுபுவாவை இரண்டுமுறை அடித்தவர் அவர். அவரை உடைத்தது காலண்டர். ஆண்டுக்கு இரண்டு சண்டை போட்டாலே பெரிது என்ற வயதில், நாலு கடையின் கட்டாயச் சண்டையையும் ஒருவர் எப்படி முடிப்பார்? முறைவைத்து வரிசையாக விடுவோம் என்று அமைப்புகளுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதுவும் யாராவது ஒருவர் பொறுத்திருக்கிறவரைக்கும்தான்.

ஏன் பொறுப்பதில்லை? கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வியாழக்கிழமை போய்ப் பாருங்கள். மாட்டை யார் விற்றாலும், யார் வாங்கினாலும், சுங்கச் சீட்டுக் கிழிக்கிறவருக்கு நட்டமில்லை. மாடு கைமாற வேண்டும், அவ்வளவே. இந்த அமைப்புகளும் சண்டை நடத்துவதில்லை, வீரனுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. பட்டச் சண்டை என்று பெயர் வைத்ததற்காக வீரனின் சம்பளத்தில் பெரும்பாலும் 3 சதவீதக் கணக்கில் பிடித்துக்கொள்கின்றன. நாலு பெல்ட்டும் ஒருவரிடம் இருந்தால் ஒரு சண்டை. நாலு பேரிடம் இருந்தால் நாலு சண்டை. கணக்கு உங்களுக்கே தெரியும். அது போதாதென்று "இடைக்கால சாம்பியன்" என்று ஒன்று, டபிள்யூ.பி.ஏ. ஒருபடி மேலே போய் ஒரே எடையில் "சூப்பர்" சாம்பியன், "சாதா" சாம்பியன் என்று ரவா தோசை மெனு போட்டிருக்கிறது.

இது இன்று நேற்று வந்த நோயில்லை. 1978 பிப்ரவரியில் முகமது அலியை லியோன் ஸ்பிங்க்ஸ் வீழ்த்தினார். அலியோடு மறுசண்டைக்கு ஒத்துக்கொண்டார் என்பதற்காக டபிள்யூ.பி.சி. அவரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கி கென் நார்ட்டனுக்குக் கொடுத்தது. நார்ட்டன் நல்ல வீரர், அலியின் தாடையை உடைத்தவர். ஆனால் உலகப் பட்டச் சண்டை ஒன்றில்கூட அவர் ஜெயித்ததில்லை. அதே ஜூனில் லாரி ஹோம்ஸிடம் தோற்றார். காகிதத்தில் வந்தது, கையோடு போயிற்று.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே சாம்பியன் மறுபடி வருவாரா? வருவார். ஃபியூரியையும் உசிக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது சவுதிப் பணம். பணம் அந்த அளவுக்குக் கொட்டினால் எந்த முடிச்சும் அவிழும். ஆனால் வருகிறவர் சில மாதம் இருப்பார், பிறகு ஏதாவது ஒரு பெல்ட் கழன்று விழும். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தாரே, அந்த மாதிரி ஆட்சி இந்த ஏற்பாட்டில் வராது. லூயிஸ் காலத்தில் இந்த நாலு கடை இல்லை.

யூ.எஃப்.சி. யோசனைக்கு வருவோம். இதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. ஒரே கம்பெனி, ஒரே பெல்ட், ஒரே சாம்பியன், பார்க்கிறவனுக்குச் சௌகரியம்தான். ஆனால் மஞ்சள் போடுகிற ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா? ஈரோட்டில் நாளைக்கே மூன்று கடையை மூடிவிட்டு, நாலாவதிலும் ஒரே ஒரு வியாபாரிதான் விலை கேட்பார் என்றால், "ஆஹா, இனி ஒரே விலை, குழப்பமில்லை" என்று நீங்கள் கைதட்டுவீர்களா? மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றக்கூட வழியிருக்காது. யூ.எஃப்.சி. வீரர்களுக்கு அதுதான் நடந்தது என்று அவர்களே வழக்குப் போட்டார்கள். வாங்குகிறவர் ஒருவரே என்பதால் எங்கள் கூலியை அழுத்திவிட்டார்கள் என்பது வாதம். கம்பெனி 37.5 கோடி டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது, 2025இல் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டைக்காரன் மூளையில் அடிவாங்கிச் சம்பாதிக்கிறான். எனக்குக் குழப்பம் தீர வேண்டும் என்பதற்காக அவன் பேரம்பேசும் உரிமையை விட்டுக்கொடு என்று நான் சொல்ல மாட்டேன். நாலு பெல்ட் கேலிக்கூத்துதான். ஒரு முதலாளி அதைவிட மோசம்.

வேறென்ன செய்யலாம்? பெல்ட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கலாம். யார் யாரை வீழ்த்தினார் என்ற வரிசையை எந்த அமைப்பாலும் கடிதம் போட்டு மாற்ற முடியாது. அன்றைய சாம்பியன் க்ளிட்ச்கோவை 2015இல் ஃபியூரி வீழ்த்தினார், ஃபியூரியை உசிக் வீழ்த்தினார். அடுத்தவர் உசிக்கை வீழ்த்தட்டும்.

நவம்பர் இதழில் வார்ட்லி பெயருக்கு முன்னால் "உலக சாம்பியன்" என்று போட்டது எங்கள் தவறு. ஏஜென்சிச் செய்தியில் வந்ததை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டோம். அடுத்த இதழிலிருந்து மேடையில் சாம்பியனைச் சாய்த்தவர்தான் இந்தப் பத்திரிகையில் உலக சாம்பியன். மற்றவர்கள் பெயருக்கு முன்னால் அந்தந்தக் கடையின் பெயர் வரும். தப்பினால் அஞ்சலட்டை போடுங்கள், பிரசுரிக்கிறேன்.