சினைப்பூனையும் பச்சைக் குட்டிகளும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தெருவில் மீட்ட சினைப்பூனைகளை வீட்டில் வைத்து, குட்டி போட வைத்து, குட்டிகள் தத்துப் போகும் வரை பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. எதை வீட்டிலேயே சமாளிக்கலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மடிப்பாக்கம்): அக்கா, மழைக்கு ஒதுங்கிய பூனை ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் தங்கிவிட்டது. வயிறு நன்றாகத் தெரிகிறது. எப்போது குட்டி போடும்?

பதில்: பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். எப்போது சினையானது என்று நமக்குத் தெரியாததால் உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் காம்புகள் சிவந்து தடிக்கும். வயிற்றின் பக்கவாட்டில் குட்டி அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் கடைசி ஓரிரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். காம்பில் பால் கசிந்தாலோ, மூலை முடுக்காகத் தேடி அலைந்தாலோ இன்னும் கொஞ்ச நாள்தான். முடிந்தால் டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். 45 நாளுக்குப் பிறகு எலும்பு தெரியும் என்பதால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். நாலு இருக்கிறது என்று தெரிந்தால், மூன்றோடு நின்றுபோகும்போது நடு ராத்திரியில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருக்கின்றன. சேர்த்து வைக்கலாமா?

பதில்: கூடாது. கதவு மூடும் தனி அறை, தனிச் சாப்பாட்டுத் தட்டு, மலம் கழிக்கத் தனி மண் தட்டு. குறைந்தது இரண்டு வாரம் பார்க்க வேண்டும். பான்லுக்கோபீனியா என்னும் வைரஸ் நோயை உங்கள் செருப்பிலும் துணியிலும்கூட இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கொண்டுபோய்விட முடியும். குட்டிகளுக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம். உங்கள் பூனைகளுக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் இப்போதே போடுங்கள். சினைப்பூனைக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி வயிற்றிலுள்ள குட்டியின் சிறுமூளையைப் பாதிக்கும். சினை என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

பதில்: தாய் காலை நீட்டிப் படுக்கிற அளவு அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் ஐந்தாறு அங்குலம் விட்டு வாசல் வெட்டுங்கள். தாய் தாண்டுவாள், குட்டி வெளியே உருளாது. கீழே செய்தித்தாள், மேலே பழைய வேட்டித் துணி. துண்டு வேண்டாம், அதன் நூலில் குட்டியின் நகம் மாட்டும். நூல் காலைச் சுற்றி இறுகிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் பலர் யோசிக்காத ஆபத்து எறும்பு. நஞ்சுக்கொடி வாசனைக்கும் சிந்திய பாலுக்கும் செவ்வெறும்பு வரிசை கட்டி வரும். நகர முடியாத குட்டியின் கண்ணையும் தொப்புளையும் கடித்துவிடும். பெட்டியைத் தாழ்ந்த முக்காலியில் வைத்து, கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். நனைந்த செய்தித்தாளை அப்போதைக்கப்போது மாற்றுங்கள். எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி இரண்டும் அந்த அறைக்குள் வரவே கூடாது, அந்த மருந்து பூனைக்கு விஷம். ஃபினாயிலும் டெட்டாலும் அப்படியே. தரையைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி (தஞ்சாவூர்): தினமும் மீன் சோறு போடுகிறேன். போதுமா?

பதில்: சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். சினைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குட்டிகளுக்கான பூனை உணவு, அதாவது கிட்டன் ஃபுட் கொடுங்கள். நாள் முழுக்கத் தட்டில் இருக்கட்டும். கூடவே உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

கேள்வி (ஆம்பூர்): என் மகள் ஐந்து மாதக் கர்ப்பம். அவள் இருக்கும் வீட்டில் பூனை இருக்கக்கூடாது என்கிறார் சம்பந்தியம்மா. உண்மையா?

பதில்: அவர் பயத்திற்குக் காரணம் இருக்கிறது அம்மா, ஆனால் பூனையை வெளியேற்றத் தேவையில்லை. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம். வெளியே வந்த உடனே அது தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். அதனால் மண் தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். மகள் அதைத் தொட வேண்டாம். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் அதே கிருமி வரும், அதையும் கவனியுங்கள். மகளைப் பார்க்கும் மகப்பேறு டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கேள்வி (கோவை): பிரசவத்தின்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமல் தள்ளி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தாய் பனிக்குடத்தைக் கிழிப்பாள், நக்குவாள், தொப்புள்கொடியைக் கடிப்பாள், நஞ்சுக்கொடியையும் தின்பாள். ஒரு குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். குட்டியின் முகத்தில் சவ்வு மூடியபடி இருக்க, அவள் கவனிக்காவிட்டால் உடனே நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துணியால் முதுகைத் தேய்த்து அழ வையுங்கள். தொப்புள்கொடி அறாமல் இருந்தால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, பீட்டாடைன் தொட்டு வைக்கலாம்.

அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டால் காத்திருக்காதீர்கள். குட்டி பாதி வந்து சிக்கிக்கொண்டாலும், குட்டி வராமல் பச்சையாகவோ நாற்றத்தோடோ ஏதாவது வடிந்தாலும், நிறைய ரத்தம் போனாலும் கிளம்பிவிடுங்கள். இன்னும் குட்டி உள்ளே இருக்கிறது என்று தெரிந்து இரண்டு மணி நேரம் தாண்டினால் போன் செய்து கேளுங்கள். எந்த டாக்டர் ராத்திரியில் எடுப்பார் என்று முன்கூட்டியே விசாரித்து எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி (திருச்சி, அவசரம்): அக்கா, நேற்று ராத்திரி ஐந்து குட்டி போட்டது. நாலு நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் சின்னது, 68 கிராம். பெட்டியின் ஓரத்தில் தனியாகக் கிடக்கிறது, பால் குடிக்கவில்லை. பசும்பாலைச் சிரிஞ்சில் கொடுக்கப் பார்க்கிறேன், விழுங்க மாட்டேன் என்கிறது.

பதில்: தம்பி, முதலில் சிரிஞ்சைக் கீழே வையுங்கள். குட்டியின் வாய்க்குள் உங்கள் சுண்டு விரல் நுனியை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் நின்றுவிடும். உள்ளே போகும் பால் செரிக்காது, இல்லையென்றால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சூடு, அப்புறம்தான் பால். இதை மாற்றிச் செய்ததில் நல்ல குட்டிகள்கூடப் போயிருக்கின்றன.

உடனே குட்டியை உங்கள் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு சுற்றுத் துணி சுற்றி, சிறிய டப்பாவில் ஒரு பக்கமாக வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க இடம் வேண்டும். ஹேர் டிரையர், வெந்நீரில் முக்குவது எதுவும் வேண்டாம். மெதுவாகத்தான் சூடேற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். இடையில் குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். ஊற்றாதீர்கள், தடவுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் நுனி மட்டும் வைத்துப் பாருங்கள். முதல் வாரக் குட்டிக்கு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் சரி. வாய் வெதுவெதுப்பாகி, விரலைச் சப்ப ஆரம்பித்ததும் தாயிடம் வையுங்கள். பின்பக்கக் காம்பில் பால் அதிகம், அங்கே பிடிக்க வையுங்கள். பெரிய குட்டிகளைக் கால் மணி நேரம் சூடான டப்பாவில் தள்ளி வைத்தால் இதற்குப் போட்டி இருக்காது. இன்றைக்குள் தாயின் சீம்பால் உள்ளே போக வேண்டும். பிறந்த முதல் அரை நாளைத் தாண்டினால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சுவது வேகமாகக் குறைந்துவிடும்.

அதே தம்பி, இரண்டு மணி நேரம் கழித்து: சூடு வந்துவிட்டது, கத்துகிறது. காம்பைப் பிடிக்கிறது, ஆனால் உடனே விட்டுவிடுகிறது.

பதில்: கத்துவது நல்ல செய்தி. பூனைக்குட்டிக்கான பால் பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கும், யாரையாவது அனுப்புங்கள். அது வந்ததும் 1 மில்லி சிரிஞ்சில், குட்டி குப்புறப் படுத்த நிலையில், வாயோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கவே கூடாது. இந்த எடைக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மில்லியில் ஆரம்பியுங்கள். இரண்டு மணிக்கொரு முறை, ராத்திரியும் சேர்த்து. மூக்கு வழியாகப் பால் வந்தால் நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள்.

68 கிராம் என்பது குறைவு. சாதாரணமாக 90 முதல் 110 வரை இருக்கும். மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): எடை, எடை என்கிறீர்களே, அவ்வளவு முக்கியமா? பார்த்தாலே தெரியாதா?

பதில்: தெரியாது. பார்வைக்குத் தெரியும்போது பாதி நேரம் போயிருக்கும். ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்தான். எனக்கு ஒரே ஒரு பொருள் வாங்கித்தருகிறேன் என்றால் அதைத்தான் கேட்பேன். தினமும் காலை, மாலை ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். குட்டிகள் ஒரே மாதிரி இருந்தால் நகச்சாயத்தால் வெவ்வேறு காலில் ஒரு நகத்தில் மட்டும் புள்ளி வையுங்கள்.

முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன் பிறகு தினமும் 10 கிராமாவது ஏற வேண்டும், பத்து நாளுக்குள் பிறந்த எடை இரண்டு மடங்காக வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கூடுதலாகப் பால் கொடுங்கள். குறைந்தால் அன்றே டாக்டர்.

கேள்வி (விருதுநகர்): பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கலாமா? எங்கள் பாட்டி அப்படித்தான் வளர்த்தார்.

பதில்: வேண்டாம். பூனைப்பாலில் புரதம் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது. தண்ணீரும் கலந்தால் குட்டிக்கு என்ன மிஞ்சும்? வயிற்றுப்போக்கு வந்தால் சின்னக் குட்டி ஒரே நாளில் வற்றிவிடும். தாய் இல்லாத குட்டியாக இருந்தால், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவி, சிறுநீரும் மலமும் போக வைக்க வேண்டும். மூன்று வாரம் வரை தானாகப் போகத் தெரியாது. சிறுநீர் தண்ணீர்போல இருக்க வேண்டும். அடர்மஞ்சளாக இருந்தால் போதிய பால் போகவில்லை.

கேள்வி (மதுரை): கையால் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும், ஏழு வீடு மாற்றும் என்கிறார்களே?

பதில்: நம் கை வாசனைக்காக எந்தத் தாயும் குட்டியை விடுவதில்லை. அவள் இடம் மாற்றுவது பயத்தில். ஆள் நடமாட்டம், குழந்தைகள் சத்தம், ஜன்னலில் வந்து நிற்கும் கடுவன் பூனை, இவைதான் காரணம். கடுவன் குட்டிகளைக் கொல்லும், அவளுக்கு அது தெரியும். ஜன்னலை மூடுங்கள், பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு இருட்டாக்குங்கள், பார்க்க வரும் உறவினர்களை ஹாலோடு அனுப்புங்கள். அப்படியும் அவள் அலமாரிக்குள் கொண்டுபோனால், அங்கேயே துணி விரித்துக்கொடுங்கள்.

குட்டிகள் குவியலாகக் கிடந்து கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தால் வெக்கை. மே மாதத்தில் நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

கேள்வி (கடலூர்): குட்டிகளின் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. நாய்க்கு வாங்கிய பவுடர் போடலாமா?

பதில்: போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். ஆனால் பூச்சியை விட்டு வைக்கவும் முடியாது. 100 கிராம் குட்டியின் ரத்தத்தைக் குடித்தே தீர்த்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் இன்றே டாக்டர். இல்லையென்றால் பல் நெருக்கமான சீப்பால் வாரி, பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். படுக்கைத் துணியைத் தினமும் மாற்றி வெந்நீரில் துவையுங்கள். தாய்க்கு என்ன மருந்து என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி (வேலூர்): குட்டிகளுக்கு மூன்று வாரம். இன்று காலையிலிருந்து தாய் நடுங்குகிறது, நடை விறைப்பாக இருக்கிறது.

பதில்: இதைப் படித்ததும் கிளம்புங்கள். பால் கொடுத்துக் கொடுத்து ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம். ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும், விட்டால் வலிப்பு வரும். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பால் பவுடர் கொடுங்கள். வீட்டிலிருக்கும் எந்த மாத்திரையும் வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம்.

கேள்வி (சேலம்): பிடிக்கப் போனபோது கையைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான்.

பதில்: சின்னதோ பெரியதோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு இன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

கேள்வி (திருநெல்வேலி): ஆறில் இரண்டு குட்டிகள் ஐந்தாம் நாள் இறந்துவிட்டன. ராத்திரியெல்லாம் விழித்திருந்தேன் அக்கா. நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சூடு, பால், எடை எல்லாம் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். தெருவில் அரைப்பட்டினியில் சினையான தாயின் குட்டிகளில் சிலவற்றுக்கு உள்ளேயே குறை இருக்கும். அதை வெளியிலிருந்து யாராலும் ஈடுகட்ட முடியாது. உடலைத் தாய் ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும், பிறகு எடுத்துவிடுங்கள். இரண்டு இறந்ததை டாக்டரிடம் சொல்லி, மீதி நாலையும் தாயின் மடியையும் காட்டுங்கள். மடி ஒரு பக்கம் சூடாக, கல்லாக இருந்தால் அது பால்கட்டு. குட்டிகள் இறந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், இப்போது பார்த்தால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். இன்று நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள், ராத்திரி எடை போட வேறு யாரையாவது உட்கார வையுங்கள்.

கேள்வி (தாம்பரம்): தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் எப்போது?

பதில்: குட்டிகள் எட்டு வாரம் வரை தாயோடு இருக்கட்டும். நாலு வாரத்திலிருந்தே ஊறவைத்த உணவைப் பழக்கினால் எட்டில் பால் தானாகக் குறையும். பால் வற்ற இன்னும் இரண்டு வாரம் கொடுத்து ஆபரேஷன் செய்யலாம். அதுவரை வெளியே விடவே வேண்டாம், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். பெண் குட்டிகளும் நாலு மாதத்தில் சினையாகக்கூடும். தத்துக் கொடுக்கும்போதே ஆபரேஷன் தேதியைப் பேசி முடித்து, அந்த மாதம் நீங்களே போன் செய்து நினைவுபடுத்துங்கள்.