மூன்று மாதம் மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையே?

கேள்வி: எனக்கு 36 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, நாள் முழுக்க அசதி. ஹீமோகுளோபின் 8.4 என்றார்கள். மூன்று மாதமாகக் காலை டிபன் முடித்து, காபி குடித்த கையோடு இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன். பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் விடாமல் சாப்பிடுகிறேன். இப்போது 8.7 தான். பெரிய வியாதி ஏதும் இருக்குமோ? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பயம் புரிகிறது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. மாத்திரை வேலை செய்தால் ஒரு மாதத்திலேயே 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் 0.3 என்றால் எங்கோ தடை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

முதல் தடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: காபி. காபியிலும் டீயிலும் உள்ள சத்துகள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் போகவிடாது. பாலும் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு மாத்திரை போடுங்கள். காபியை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். வயிற்றைப் புரட்டினால் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப் போட்டாலும் இரும்பு நன்றாகவே உள்ளே போகிறது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால், அதற்குப் பயம் வேண்டாம். பீட்ரூட்டின் சிவப்பு ரத்தத்தின் சிவப்பு இல்லை. அதிலும் பேரீச்சையிலும் இரும்பு குறைவுதான். ஈரல், சுவரொட்டி, மீன் சாப்பிடுபவர் என்றால் அவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும்.

இரண்டாவதாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன்: மாதவிலக்கு எத்தனை நாள்? என்னிடம் வரும் பெண்களில் பலர் "எல்லாருக்கும் போலத்தான் டாக்டர்" என்பார்கள். விசாரித்தால் எட்டு நாள், கட்டி கட்டியாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். அது எல்லாருக்கும் போல இல்லை. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதைதான் அது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களுக்குக் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும்.

பச்சை அரிசி, ஐஸ்கட்டி, சிலேட்டுக் குச்சி தின்னத் தோன்றுகிறதா? நகம் கரண்டி போல் குழிந்திருக்கிறதா? இரண்டும் இரும்புக் குறைவைக் காட்டும் அறிகுறிகள். இந்தத் தின்னும் ஆசைக்காக வீட்டில் திட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உடல் தன் குறையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா ரத்தசோகையும் இரும்பால் வருவதில்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எம்.சி.வி.' என்று ஒரு எண் இருக்கும். அது சிவப்பணுவின் அளவு. 80 முதல் 100 வரை சரி. 80க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவாகவோ, பெற்றோர் வழி வந்த தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறாகவோ இருக்கலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்ட உதவும்: இரும்புக் குறைவில் அது தாழ்ந்திருக்கும். தலசீமியா கூறு மட்டும் உள்ளவருக்கு இரும்பு மாத்திரை உதவாது.

100க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைத் தேட வேண்டும். ஃபோலிக் அமிலத்துக்கான முதல் தடயம் கிடைத்ததே நம் நாட்டில்தான். பம்பாயில் ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை 1931இல் எழுதினார். சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் போடுபவர்களும் பி12ஐக் கவனிக்க வேண்டும். நாக்கு வழவழப்பாகிப் புண்ணாகும், கால் மரத்துப்போகும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் போட்டுவந்தால் ரத்தம் ஏறும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். அணுவின் அளவு சரியாக இருந்தும் ரத்தம் குறைவாக இருந்தால் சிறுநீரகத்தைப் பார்ப்போம்.

வீட்டில் ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறைவு வந்தால் மாத்திரையோடு விடவே கூடாது. வயிற்றிலும் குடலிலும் ரத்தக்கசிவோ புற்றுநோயோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

உங்களுக்கு இப்போது தேவை முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டு, வயிற்று ஸ்கேன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காரணம் இரும்புக் குறைவுதான் என்று உறுதியானால், ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் இன்னும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடருங்கள். காலியான இரும்புச் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் பிடிக்கும்.