கையெழுத்து சரி, ஆனால் ஆள் யார்?

கேள்வி: உபுண்டு லினக்ஸில் வரும் சில ஆப்கள் பழைய பதிப்பாகவே இருப்பதால், பிபிஏ (தனியாட்களோ குழுக்களோ நடத்தும் மென்பொருள் களஞ்சியம்) சேர்த்துப் புதியதைப் போட்டுக்கொள்கிறேன். எல்லாம் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையெழுத்தோடுதானே வருகிறது, பயமே வேண்டாம் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: கையெழுத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். அந்தப் பொதி (ஆப்பை நிறுவும் கோப்பு) அந்த பிபிஏவிலிருந்துதான் வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது, அனுப்பியவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அது பொறுப்பல்ல. பிபிஏக்கள் இருக்கும் லாஞ்ச்பேட் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் யாரும் பிபிஏ திறக்கலாம், உபுண்டு குழு அதை உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை.

பலர் கவனிக்காத விஷயம் இன்னொன்று. உபுண்டுவின் டெப் வகைப் பொதியை நிறுவும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு ஓடும். அதோடு, நீங்கள் ஒரே ஒரு ஆப்புக்காகச் சேர்த்த ரெப்போவில் (களஞ்சியத்தில்) நாளை, தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் என்ற பெயரில், உபுண்டுவில் இருப்பதைவிடப் பெரிய பதிப்பு எண்ணோடு ஒரு பொதி வந்தால், நீங்கள் தனியாகத் தடுத்து வைக்காதவரை, வழக்கமான அப்டேட்டிலேயே அது உள்ளே வந்துவிடும்.

இன்று நல்லவர் கையில் இருப்பது நாளைக்கும் அவர் கையில்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆர்ச் லினக்ஸில் பயனர்களே பொதிகளைப் பதிவேற்றும் ஏயூஆரில் 2018 ஜூலையில் இதுதான் நடந்தது: பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த அக்ரோரீட் என்ற பிடிஎஃப் படிப்பான் பொதியை வேறொருவர் எடுத்துக்கொண்டு, கணினித் தகவல்களைத் திரட்டும் ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டார். 2025 ஜூலையில் அதே இடத்தில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப் பிரவுசர்களின் பெயர்களை ஒட்டி வைத்துக்கொண்டு வந்த பொதிகளில், வெளியிலிருந்து கணினியை இயக்கும் ட்ரோஜனே இருந்தது.

அதிகாரப்பூர்வ ரெப்போ என்றால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2024 மார்ச்சில் வெளியே தெரிந்த எக்ஸ்இசட் பின்வாசல் (கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் ஒளித்து வைத்த ரகசிய நுழைவழி), உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்துவிட்டது. எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைப் பிடித்தார், டெபியனின் நிலையான பதிப்பு தப்பித்தது. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்தப் பழைய பதிப்பு இங்கே காப்பாற்றியிருக்கிறது! எண் பழையதாக இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்களை அதற்குள்ளேயே சேர்த்துத் தருவது உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களின் வழக்கம்.

அதனால் ரெப்போ சேர்க்கும் முன் என் கேள்வி ஒன்றுதான்: இதனால் புதிதாக ஒரு ஆளை நம்ப வேண்டியிருக்கிறதா? ஃபயர்ஃபாக்ஸுக்கு அதை உருவாக்கும் மொசில்லாவே ஆப்ட் (உபுண்டுவின் நிறுவல் கருவி) ரெப்போ நடத்துகிறது. பிரவுசரையே அவர்களை நம்பித்தானே ஓட்டுகிறீர்கள், சரி, சேருங்கள். முகம் தெரியாத ஒருவரின் பிபிஏ என்றால், அந்தப் புதிய வசதி உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள். இப்போது பயன்படுத்தாத பிபிஏக்கள் இருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் ஆப்களைத் தரும் ஃபிளாட்ஹப் தளம் பரவாயில்லையா?

பதில்: பிபிஏவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். ஆப் தனிக்கூண்டில் ஓடுகிறது, நிறுவும்போது ரூட் ஸ்கிரிப்டு ஓடுவதில்லை, உருவாக்கியவரே வெளியிட்டது உறுதியானால் அடையாளக் குறியும் இருக்கும். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் கேட்கும் ஆப்களுக்கு அந்தக் கூண்டு பேருக்குத்தான். அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீலைப் போட்டு அந்த அனுமதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பல ஆப்கள் அது இல்லாமலேயே நன்றாக வேலை செய்யும்.