அலாய் வீலில் விரிசலா, கசிவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காரின் ஒரு சக்கரத்தில் மட்டும் வாரத்துக்கு 8 பிஎஸ்ஐ வரை காற்று குறைகிறது. டயரில் ஆணியோ கண்ணாடித் துண்டோ இல்லை என்று பஞ்சர் பார்ப்பவர் சொல்லிவிட்டார். இனி எங்கே தேடுவது?

பதில்: குறையே இல்லாத டியூப்லெஸ் டயரிலும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை காற்று குறையும்; ரப்பரின் ஊடாகக் காற்று மிக மெதுவாகக் கசிவதே அதற்குக் காரணம். வெளி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால், அதனால் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறைந்து காட்டும். வாரத்துக்கு 8 என்பது இந்தக் கணக்குகளில் அடங்காது.

முதலில் வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, வாயில் ஒரு சொட்டு சோப்பு நீரை விட்டால் வால்வு பின் கசிவது உடனே தெரிந்துவிடும். பிறகு வால்வின் தண்டை விரலால் லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து, அடிப்பகுதியில் நுரை வருகிறதா என்று பாருங்கள். நிமிர்ந்திருக்கும்போது கசியாத ரப்பர் வால்வு, சாய்த்தவுடன் கசிவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து, சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்து, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு முழுவதும் சோப்பு நீரை ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பெரிய கசிவு கொப்பளிக்கும்; சிறிய கசிவோ கடுகளவு வெண்குமிழ்களாகக் கூடிக் கூடி ஒரே இடத்தில் நுரைக் கட்டியாக நிற்கும். பின்னர் திருப்பிப் போட்டு உட்பக்கத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும். கண்ணில் படும் வெளிப்பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டு "கசிவு இல்லை" என்று அனுப்பிவிடுவதே பல இடங்களில் நடக்கும் தவறு. ஆரக்கால்களின் தாங்குதல் வெளிப்பக்கத்துக்குத்தான் உண்டு. உட்பக்க விளிம்பு தனியே நீட்டிக்கொண்டிருப்பதால், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நெளிவதும் விரிவதும் பெரும்பாலும் அங்கேதான். காருக்குப் பரிந்துரைத்த அளவுக்குக் காற்று நிரப்பிய பிறகே சோதியுங்கள். காற்று குறைந்திருக்கையில் மெல்லிய விரிசலின் வாய் மூடிக்கொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த பிறகுதான் என் சக்கரம் கசியத் தொடங்கியது. விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பதில்: வார்ப்பில் இருக்கும் நுண்துளைகளாக இருக்கலாம். உருகிய உலோகம் அச்சில் உறையும்போது சில நுண்ணிய துளைகள் தங்கிவிடுவதுண்டு. தொழிற்சாலைப் பூச்சு அவற்றை அடைத்து வைத்திருக்கும். பூச்சை உரித்ததும் வழி திறந்துவிடுகிறது. விளிம்பில் அல்லாமல் ரிம்மின் நடுப்பரப்பில் குமிழ் வந்தால் இதையே சந்தேகிக்கலாம். உட்புறத்தை நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி முறையாகப் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அது விரிசல் அல்ல என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: டயரைக் கழற்றியபோது ரிம்மின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சுரண்டிவிட்டு மாட்டினேன், ஆறு மாதத்தில் மீண்டும் கசிகிறது.

பதில்: அந்தப் பொடி அலுமினிய அரிப்பு. பூச்சு உடைந்த இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தைத் தின்னத் தொடங்குகின்றன. பொடி மேலே புடைத்து எழும்பி, டயரின் விளிம்பு ரிம்மில் படிந்து உட்காராமல் தடுக்கிறது. சுரண்டினால் மேலே இருப்பதுதான் போகும். பூச்சுக்கு அடியில் ஊர்ந்து பரவியிருப்பது அப்படியே இருக்கும். உரியும் பூச்சு முழுவதையும் நீக்கி, சுத்தமான உலோகம் தெரியும்வரை மென்மையான உராய்வுத் தாளால் தேய்த்து, திரும்பப் பூச்சு கொடுப்பதே நிலையான வழி. அறுவைச் சக்கரம் பூட்டிய கிரைண்டரால் தேய்க்க விடாதீர்கள். அது அரிப்போடு ரிம்மையும் சேர்த்துக் குடைந்துவிடும். டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பொடியையும் துடைத்தாக வேண்டும். கிரீஸ் தடவி டயரை ஏற்றும் வழக்கமும் கூடாது. அதற்கென்றே டயர் பேஸ்ட் இருக்கிறது.

கேள்வி: உட்பக்க விளிம்பில் 3 சென்டிமீட்டர் விரிசல். வெல்டிங் வைத்தால் புதுச் சக்கரம் போலவே ஆகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: காற்று நிற்கும் என்பதை நம்பலாம், புதுச் சக்கரம் போல் ஆகும் என்பதை நம்ப முடியாது.

பெரும்பாலான வார்ப்பு அலாய் வீல்கள் ஏ356 என்ற அலுமினியக் கலவையால் ஆனவை. அதில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கனும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் உண்டு. வார்த்த சக்கரத்தைச் சுமார் 540 டிகிரியில் பல மணி நேரம் வைத்து, நீரில் சட்டென்று குளிரவிட்டு, பிறகு குறைந்த வெப்பத்தில் மீண்டும் பதப்படுத்துவதால்தான் அதற்கு உறுதி கிடைக்கிறது. வெல்டிங் சுடர் உலோகத்தை உருக்கும்போது, உருகிய கோட்டுக்கு இருபுறமும் அந்தப் பதம் போய்விடுகிறது. ஆகவே ஒட்டு உடையாமல் இருந்தாலும், அதன் பக்கத்திலேயே புதிய விரிசல் பிறக்கிறது. விரிசலின் நுனி, கண்ணால் காண்பதைவிட எப்போதும் சற்றுத் தள்ளியே இருக்கும் என்பதும் இன்னொரு சிக்கல். நுனியை விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஒட்டினால் பயன் இல்லை.

வாகனத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வெல்டிங் வைத்த சக்கரத்தை ஏற்பதில்லை. என் கருத்தும் அதுவே. வேறு வழியே இல்லாமல் செய்துகொண்டாலும், அதை மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்வதற்கான ஸ்டெப்னியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "பின்னால் மாட்டிக்கொண்டால் ஆபத்தில்லை" என்ற பேச்சைக் கேட்டு ஏமாற வேண்டாம். பின்சக்கரத்தில் திடீரென்று காற்று இறங்கினால் கார் பின்பக்கமாகச் சுழலத் தொடங்கும். முன்சக்கரத்தில் இறங்குவதைவிட அதைக் கட்டுப்படுத்துவது கடினம்.

கேள்வி: ஆரக்காலில் மயிரிழை போன்ற கோடு தெரிகிறது. பெயின்ட் விரிசலா, உலோக விரிசலா?

பதில்: நகத்தால் தடவிச் சொல்ல முடியாது. சாயம் ஊடுருவும் சோதனை செய்யச் சொல்லுங்கள்: பூச்சை அகற்றிச் சுத்தம் செய்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சில நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெண்ணிற மாவு போன்ற பொருளைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் பதுங்கிய சாயம் வெண்மையில் சிவப்புக் கோடாகக் கசிந்து எழும். அந்தக் கோடு ஆரக்காலிலோ, நடுக்குடத்திலோ, போல்ட் துளையைச் சுற்றியோ எழுந்தால், அந்தச் சக்கரத்தில் பட்டறை வரைகூட ஓட்டிச் செல்லாதீர்கள்.

கேள்வி: கசியும் அலாய் வீலுக்குள் டியூப் போட்டு ஓட்டலாமா? அல்லது சீலன்ட் திரவம் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். டியூப் கசிவை மறைக்கும். விரிசலோ உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். டியூப்லெஸ் டயரின் உட்புறத்தோடு உராய்ந்து டியூப் சூடேறி வெடிக்கவும் கூடும். சீலன்ட், டயரில் ஆணி குத்திய துளைக்கான தற்காலிக உதவி. அழுத்த உணரி உள்ள சக்கரத்தில் அந்த உணரியையே அடைத்துவிடக்கூடும்.

கேள்வி: விரிசல் இல்லை, ரிம் நெளிந்திருக்கிறது. தட்டிச் சரிசெய்யலாமா?

பதில்: உட்பக்க விளிம்பில் உள்ள சிறு நெளிவை, நீரழுத்தக் கருவியில் வைத்து மெல்ல அழுத்தி எடுக்கலாம். சுடர் காட்டிச் சூடேற்றிச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்தால் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 200 டிகிரியைத் தாண்டும் சூடு, மேலே சொன்ன பதத்தைக் கெடுக்கத் தொடங்கும், எவ்வளவு சூடேறியது என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. நெளிவு எடுத்த பிறகு, அதே இடத்தில் சாயச் சோதனை கட்டாயம்.

கேள்வி: ஒரே ஒரு சக்கரம் மட்டும் பழையதாக வாங்க நினைக்கிறேன். எவற்றைக் கவனிப்பது?

பதில்: விட்டமும் துளைகளின் எண்ணிக்கையும் பொருந்தினால் போதும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். அகலம், போல்ட் வட்ட விட்டம் (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, ஆஃப்செட் (சக்கரம் காரில் பொருந்தும் முகம் அதன் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு), தாங்கும் எடை ஆகிய எல்லாமே பொருந்த வேண்டும். உட்புறத்தில் வார்த்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். ஆஃப்செட் பொதுவாக "ஈடி" (ET) என்ற எழுத்துகளை அடுத்த எண்ணாக இருக்கும். ஜப்பானியத் தரக் குறியான ஜேடபிள்யூஎல் (JWL) இருந்தால் நல்லது. அதோடு விஐஏ (VIA) குறியும் இருந்தால், தயாரிப்பாளரைச் சாராத வெளி அமைப்பு ஒன்றும் சோதித்திருக்கிறது என்று பொருள். உட்பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால், அதன் கீழே வெல்டிங் கோடு இருக்கிறதா என்று விரலால் வளைவு முழுவதும் தடவிப் பாருங்கள்.

போல்ட் சக்கரத்தில் அழுந்தி அமரும் இருக்கை கூம்பு வடிவமா, உருண்டை வடிவமா என்பதும் பொருந்த வேண்டும். மாட்டும்போது காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டுப் போக விடாமல், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். பல கார்களுக்கு அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே அளவில் ஒருமுறை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.