மெக்சிகோவின் சுங்க அதிகாரியாக இருந்த பாப்லோ தே லா கெர்ரா, அமெரிக்காவில் செனட்டரானது எப்படி?

மெக்சிகோ குடிமகனாகவும் பெரும் நிலக்காரராகவும் இருந்தவர் அமெரிக்க மாநிலம் ஒன்றில் எப்படிப் பதவிக்கு வந்தார், அவருடைய நிலம் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவர் எந்த நாட்டுக்கும் குடிபெயரவில்லை. 1819-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பிறந்து, 1874-ல் அதே ஊரில் இறந்தார். பிறந்தபோது அது ஸ்பெயின், வளர்ந்தபோது மெக்சிகோ, 1848-க்குப் பிறகு அமெரிக்கா. தந்தை ஹோசே தே லா கெர்ரா அந்த ஊர்ப் படைமுகாமின் தளபதி.

இருபது வயதை ஒட்டி மான்டரே சுங்க அலுவலகத்தில் சரக்குச் சோதிக்கும் வேலையில் சேர்ந்து, பின்னர் அதன் பொறுப்பாளராக உயர்ந்தார். இதைச் சாதாரண உத்தியோகமாக நினைத்துவிடாதீர்கள். அன்றைய கலிஃபோர்னியாவில் நிலவரி கிடையாது. படைவீரர் சம்பளம் முதல் ஆளுநர் செலவு வரை பெரும்பாலும் சுங்க வருமானத்தை நம்பியே நடந்தது. பாஸ்டனிலிருந்து வரும் கப்பல் முதலில் மான்டரேயில் நங்கூரமிட்டு, சரக்குப் பட்டியலைக் கொடுத்து, வரி கட்டி, அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகுதான் கரையோரமாகப் போய் வியாபாரம் செய்யலாம். துணி, சர்க்கரை, செருப்பு எல்லாவற்றுக்கும் ஈடாகப் பண்ணைக்காரர்கள் கொடுத்தது மாட்டுத்தோலும் கொழுப்பும். ஒரு தோல் சுமார் 2 டாலர். ஊரில் அதுவே பணம்போலப் புழங்கியது. ஏமாற்று வேலை எங்கே நடக்கும் என்றால், சரக்கில் ஒரு பகுதியைத் தீவுகளில் இறக்கி வைத்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்டுவார்கள். அல்லது வரி கட்டிய கப்பல், கட்டாத கப்பலின் சரக்கை நடுக்கடலில் ஏற்றிக்கொள்ளும். பட்டியலில் எழுதியிருப்பதும் கப்பலுக்குள் கிடப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த வேலையில் இருப்பவர் சீக்கிரம் கற்றுக்கொள்வார்.

1845-ல் ஆளுநர் பீயோ பீக்கோ தெற்கே லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். தளபதி ஹோசே காஸ்ட்ரோ வடக்கே மான்டரேயில் சுங்க அலுவலகத்தின் பக்கத்திலேயே இருந்தார். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை தீரவே இல்லை. அமெரிக்க-மெக்சிகோ போர் மூண்டு, 1846 ஜூலை 7 அன்று அமெரிக்கக் கடற்படை மான்டரேயைப் பிடித்தபோது கொடியை ஏற்றியதும் அந்தச் சுங்கக் கட்டடத்தின் மேல்தான்.

நிலத்துக்கு வருவோம். 1844-ல் அவருக்கும் ஹுவான் கூப்பருக்கும் சேர்த்து, இன்றைய மரின் மாவட்டத்தில் உள்ள நிகாசியோ பண்ணை வழங்கப்பட்டது. பின்னாளில் அளந்தபோது 56,807 ஏக்கர். அந்த நிலம் அதற்கு முன் மீவோக் பழங்குடியினருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அந்த அநீதியை மறைத்துவிட்டு இவரைப் பற்றிப் பேசுவது சரியல்ல.

அன்று நிலம் பெறும் முறை இப்படி: ஆளுநருக்கு மனு, அதோடு மலை, ஓடை, பெரிய மரம் எல்லாம் குறித்த ஒரு கைவரைபடம். உள்ளூர் அதிகாரியின் விசாரணை அறிக்கை. பிறகு ஆளுநரின் ஆணை, சட்டமன்றத்தின் ஒப்புதல். கடைசியில் சுவாதீனம்: குதிரையில் இரண்டு பேர், 50 வாரா நீளமுள்ள தோல் கயிற்றை இருமுனையிலும் பிடித்துக்கொண்டு அளந்தபடி போவார்கள். ஒரு வாரா சுமார் 33 அங்குலம். பனியில் நனைந்தால் தோல் கயிறு நீளும், காய்ந்தால் சுருங்கும். அதனால் பத்திரத்திலேயே 'சிறிது கூடவோ குறையவோ' என்று எழுதிவிடுவார்கள். ஆளில்லாத நாட்டில் அது போதுமானதாக இருந்தது. தங்கம் தேடி ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கிய பிறகு, அந்தச் சொற்களே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆயுதமாகிவிட்டன.

அவருடைய அரசியல் தொடங்கியது 1849-ல், மான்டரேயில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில். 48 பிரதிநிதிகளில் ஸ்பானிஷ் பேசுவோர் எட்டுப் பேர். வாக்குரிமை 'வெள்ளையருக்கு' என்று வந்தபோது, வெள்ளை என்றால் என்ன பொருள், எங்கள் மக்களில் பலர் கறுத்த தோலுடையவர்கள், அவர்களும் மெக்சிகோவின் குடிமக்கள்தானே என்று கேட்டார். துணிச்சலான கேள்விதான். ஆனால் ஆப்பிரிக்கரை விலக்குவதே நோக்கமென்றால் தனக்கு மறுப்பில்லை என்றும் அவரே சொன்னார். அது அவர்மேல் நிற்கும் கறை. பழங்குடியினருக்கு வாக்குரிமை தருவதைச் சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்குக்கு விட்டார்கள். அவரோடு கையெழுத்திட்ட மானுவேல் தோமிங்கெஸை, பழங்குடி ரத்தம் உள்ளவர் என்று சொல்லி 1857-ல் ஒரு நீதிமன்றம் சாட்சி சொல்லவே விடவில்லை.

சட்டங்களை ஸ்பானிஷிலும் வெளியிட வேண்டும், வரி மதிப்பீட்டாளரை அந்தந்த மாவட்டத்தாரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதிகளும் அந்த அரசியலமைப்பில் இடம்பெற்றன. இரண்டாவது விதிதான் பண்ணைக்காரர்களுக்கு உயிர்நாடி. தெற்கில் நிலம் நிறைய, கையில் காசு குறைவு. வடக்கில் சுரங்கக்காரர்களின் தலை அதிகம், சொந்த நிலம் இல்லை. நிலவரி வந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான அடி 1851 நிலச் சட்டத்தில் விழுந்தது. பழைய ஆணை வைத்திருந்த ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுக்குள் மூவர் ஆணையத்தின் முன் தம் உரிமையை நிரூபிக்க வேண்டும். வந்தவை 813 மனுக்கள்; 604 உறுதியாயின. ஆனால் ஜெயித்தவருக்கும் மேல்முறையீடு, மறு அளவை எல்லாம் முடிந்து பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டு. அதுவரை வக்கீல் செலவுக்குக் கடன், அதற்கு மாதம் நூற்றுக்கு 3 முதல் 5 வட்டி. வழக்கில் தோற்றவர்களைவிட, ஜெயித்தும் வட்டியில் மூழ்கியவர்கள் கதைதான் கொடுமை. இவருடைய நிகாசியோ பங்கோ, இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, பின்னாளில் இந்த வழக்குகளில் கைதேர்ந்த வக்கீலும் அதே மாநாட்டின் பிரதிநிதியுமான ஹென்றி ஹாலெக்குக்கு விற்கப்பட்டுவிட்டது.

மாநில செனட்டில் இருந்தபோது இவர் முழுமூச்சாக எதிர்த்தது, பட்டா வராத நிலத்தையெல்லாம் பொது நிலமாகக் கருதி ஆக்கிரமிப்பாளருக்குச் சலுகை கொடுக்கும் திட்டத்தை. மொழியும் சட்டமும் தெரியாமல் சொந்த மண்ணிலேயே அந்நியராக நிற்கும் தம் மக்களுக்காக அவையில் பேசினார். ஆனாலும் 1856-ல் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் பில்லிங்ஸ் எதிர் ஹால் வழக்கில் அதை ரத்து செய்தது.

1861-ல் செனட் தலைவர் என்ற முறையில் துணை ஆளுநர் பொறுப்பையும் வகித்தார். பிறகு மாவட்ட நீதிபதியாகத் தேர்வானபோது, இவர் அமெரிக்கக் குடிமகனே அல்ல, பதவி செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். போரை முடித்து கலிஃபோர்னியாவை அமெரிக்காவிடம் ஒப்படைத்த 1848 உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, நாடாளுமன்றம் தக்க நேரத்தில் குடியுரிமை தரும் என்கிறதே, அது எப்போது தந்தது என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1850-ல் கலிஃபோர்னியாவை மாநிலமாக ஏற்றுக்கொண்டதே அந்தத் தக்க நேரம் என்று 1870-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் பிரதிநிதியாகவும் செனட்டராகவும் துணை ஆளுநராகவும் இருபது ஆண்டு அந்த மாநிலத்துக்கு உழைத்திருந்தார்.