வாகனக் கேள்வி–பதில்: மலையேற்றமும் மாற்று எயார் ஃபில்டரும்

கேள்வி (தலவாக்கலை வாசகர் ஒருவர்): என்னிடம் 1,500 சீசீ பெற்றோல் எஞ்சின் கொண்ட டொயோட்டா ஆக்சியோ இருக்கிறது. கொழும்பில் நன்றாக ஓடும் இந்தக் கார், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது இழுவையில்லாமல் திணறுகிறது. கம்பனி பூட்டிய ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் உள்ள கிட் ஒன்றைப் பூட்டினால் பிக்கப் கூடும் என்று கொழும்பிலிருக்கும் மச்சான் சொல்கிறார். பூட்டலாமா?

பதில்: உங்கள் காரின் இழுவையைப் பறிப்பது மலையின் உயரம்தான். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கலாக இருக்கும் வளியமுக்கம், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அங்குள்ள குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்குவதால் இழப்பில் ஒரு சிறு பங்கு ஈடாகிறது. அப்படியிருந்தும், காற்றை அமுக்கி ஊட்டும் டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு உறிஞ்சலிலும் கொழும்பில் பெறும் காற்றில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும் என்பதால், கொழும்பில் 110 குதிரைவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் ஏறக்குறைய 90 தான் தரும்.

மச்சான் சொல்லும் கிட் இதில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்று பார்ப்போம். நல்ல நிலையிலுள்ள கடதாசி ஃபில்டரும் அதன் பெட்டியும் சேர்ந்து, எஞ்சின் முழு வேகத்தில் சுழலும்போதுகூட, காற்றுக்குக் கொடுக்கும் தடை சில கிலோபாஸ்கலைத் தாண்டுவதில்லை. மலை எடுத்துக்கொண்டதோ 20 கிலோபாஸ்கல். மேலும், அந்தத் தடை காற்றோட்டத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து மாறுவது. ஓட்டம் பாதியானால் தடை கால் பங்காகிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஏறும் எஞ்சினுக்கு ஃபில்டர் பெட்டி ஒரு பொருட்டே அல்ல. ஆகவே, காசைச் செலவழிப்பதற்கு முன் இப்போதுள்ள ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தோட்டப் பாதைகளின் செம்மண் தூசி மடிப்புகளுக்குள் அடைந்து வெளிச்சம் தெரியாமலிருந்தால், ஒரு புதிய கடதாசி ஃபில்டரே வித்தியாசத்தைக் காட்டும். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து, சுற்றைக் கூட்டி ஓட்டுவதும் எந்தக் கிட்டையும்விட அதிகம் உதவும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று காற்றின் வெப்பநிலை. கம்பனிப் பெட்டி பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு முன்புறமிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. பொனட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டரோ எஞ்சினின் சூட்டைத்தான் இழுக்கும். உள்ளே போகும் காற்று 3 பாகை செல்சியஸ் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று குறையும். 30 பாகை கூடினால் பத்தில் ஒன்று போய்விடும். மெதுவாக ஏறும் வேளையில் முன்னாலிருந்து வரும் காற்று குறைவாகவும் எஞ்சினின் சுமை அதிகமாகவும் இருப்பதால், பொனட்டுக்குள் வெப்பம் தேங்குவது அப்போதுதான். நுவரெலியாவின் 16 பாகைக் குளிர்க்காற்று வெளியே இலவசமாகக் கிடைக்கும்போது, எஞ்சினுக்குச் சூட்டை ஊட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. பூட்டியபின் கேட்கும் உறுமலைப் பிக்கப் என்று எண்ணிவிட வேண்டாம். பெட்டி அடக்கி வைத்திருந்த உறிஞ்சல் ஓசைதான் அது.

அப்படியும் பூட்ட விரும்பினால், ஃபில்டரை எஞ்சினிலிருந்து மறைக்கும் மூடிய கூடும், வெளிக்காற்றைக் கொண்டுவரும் தனிக் குழாயும் உள்ள கிட்டை மட்டும் வாங்குங்கள். உங்கள் எஞ்சினில் உட்செல்லும் காற்றின் அளவைச் சொல்லும் மாஃப் சென்சர் ஃபில்டர் பெட்டியின் மூடியிலேயே இருக்கிறது. அதைப் புதிய குழாய்க்கு மாற்றும்போது, காற்றோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். சென்சருக்கு முன்னே குழாய் சற்றுத் தூரம் நேராக ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்சர் நிற்கும் இடத்தின் உள்விட்டம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். 60 மில்லிமீற்றருக்குப் பதில் 66 மில்லிமீற்றர் குழாய் வந்தால், அதே அளவு காற்று மெதுவாகப் பாய்வதால், உண்மையில் போவதைவிடச் சுமார் 17 வீதம் குறைவாகவே சென்சர் சொல்லும். பெற்றோலும் அந்தக் கணக்கிலேயே குறைந்துபோகும். சாதாரண ஓட்டத்தில் புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரின் உதவியோடு எஞ்சினின் கணினி இதை ஓரளவு திருத்திக்கொள்ளும். ஆனால் அக்சலறேட்டரை முழுமையாக மிதிக்கும்போது உடனுக்குடன் நடக்கும் அந்தத் திருத்தம் நின்றுவிடும் என்பதால், காற்று–பெற்றோல் கலவை தவறினால் அதன் பலனை எஞ்சின் அனுபவிப்பது கடும் ஏற்றத்தில்தான்.

வால்வு கவரிலிருந்து வரும் இறப்பர் குழாயைச் சிலர் கழற்றி அப்படியே தொங்கவிடுகிறார்கள். எஞ்சினின் உட்புறத்துக்குக் காற்றோட்டம் தரும் அந்தக் குழாய், சென்சருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ரொட்டிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் மீண்டும் இணைக்கப்பட வேண்டும். பழைய பெட்டியை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் கார் தவறினால் அதை மீண்டும் பூட்டிப் பார்க்கலாம்.

கேள்வி (பண்டாரவளை வாசகர் ஒருவர்): கழுவிப் பாவிக்கக்கூடிய பருத்தி ஃபில்டர் ஒன்றைப் பூட்டியிருந்தேன். கழுவி எண்ணெய் போட்டுத் திரும்பவும் மாட்டிய சில நாட்களில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. கராஜில் பார்த்துவிட்டு பி 0171 என்றார்கள். ஃபில்டர்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதற்குப் போட்ட எண்ணெய்தான் காரணமாக இருக்கும். பி 0171 என்பது எஞ்சினில் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்பதைக் குறிக்கும் கோட். மாஃப் சென்சருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி எப்போதும் சூடாக வைக்கப்படுகிறது. கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிரச் செய்கிறது என்பதைக் கொண்டே காற்றின் அளவு கணிக்கப்படுகிறது. அளவுக்கு மீறிப் பூசிய எண்ணெய் ஃபில்டரிலிருந்து கசிந்து அந்தக் கம்பியில் படிந்து, தூசியையும் பிடித்துக்கொண்டால், குளிர்ச்சி சரியாகப் படாமல் சென்சர் குறைத்துச் சொல்லத் தொடங்கும். முதலில் குழாய் இணைப்புகளில் எங்காவது காற்று கசிகிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாஃப் சென்சருக்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள்; துணியோ பஞ்சோ அந்தக் கம்பியைத் தொடக்கூடாது. எண்ணெய் தேவைப்படாத உலர் ஃபில்டருக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி (கினிகத்தேனை வாசகர் ஒருவர்): குளிர்காற்றுக்காக ஃபில்டரை முன் பம்பருக்குப் பின்னால், கீழே இறக்கிப் பூட்டலாம் என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில் அப்படிப் பூட்டவே வேண்டாம். பாதையில் தேங்கிய நீரில் ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காற்றைப்போல் தண்ணீரை அமுக்க முடியாததால் பிஸ்டன் தடைப்பட்டு, அதைச் சுழல்தண்டோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும். வாகனம் நீருக்குள் நின்றுவிட்டால் எக்காரணம் கொண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்குகளைக் கழற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றி, உள்ளே நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.