கொசுக்கடிக்குப் பழகிய வடசென்னைக்காரருக்கு ஆப்பிரிக்கக் காட்டில் மலேரியா மாத்திரை வேண்டுமா?

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர் என்றும், சிறுவயதில் இருமுறை மலேரியா வந்து தேறியவர் என்றும், இப்போது நண்பர்களுடன் தான்சானியாவுக்கு வேட்டைப் பயணம் செல்லவிருக்கும் உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே இருக்கும் அல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே எண்ணம் என் குடும்பத்தில் ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்ததால் விரிவாகவே எழுதுகிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரன், அந்நாட்டின் தென்பகுதியில், செலூஸ் வனப்பகுதியிலிருந்த ஒரு வேட்டை முகாமில் சில ஆண்டுகள் டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். மருத்துவன் அல்லன் என்பதால், எந்த மாத்திரை என்பதை உங்கள் உடல்நிலை அறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேட்டையே கூடாது என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருபவர்களுக்கும் ஒரு சொல்: நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது, அங்கே உரிமம் பெற்று நடக்கிறது, துப்பாக்கி வைத்திருப்பவரையும் கேமரா வைத்திருப்பவரையும் அங்குள்ள கொசு ஒன்றுபோலத்தான் கடிக்கிறது.

முதலில் எதிர்ப்புச் சக்தி. பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்திலும் நம்மை இரவெல்லாம் கடிப்பது பெரும்பாலும் சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி என்னும் கொசு. அது மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. ஆகவே ஆயுள் முழுவதும் கால்வாய்க் கொசுவிடம் கடி வாங்கியிருந்தாலும் மலேரியாவுக்கு எதிராக உடம்பு எதையும் கற்றுக்கொண்டிருக்காது. உங்களுக்குச் சிறுவயதில் வந்ததும் பெரும்பாலும் விவாக்ஸ் என்னும் மலேரியா வகையாகத்தான் இருந்திருக்கும்; ஆப்பிரிக்காவில் மிகுதியாக இருப்பதோ மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாட்களில் உயிரை எடுக்கக்கூடிய ஃபால்சிபாரம். ஒன்று வந்து போனதால் மற்றொன்று வராது என்று எண்ணிவிடாதீர்கள்.

என் மனைவியின் தம்பி வெல்டர் வேலைக்கு அதே முகாமுக்கு வந்திருந்தான். "கால்வாய் ஓரம் வளர்ந்த நமக்கு இந்தக் கொசு எம்மாத்திரம் மாமா?" என்பான். நான் வற்புறுத்தியதால் அங்கே இருந்தவரை மலேரியாத் தடுப்பு மாத்திரையான டாக்சிசைக்ளினை விழுங்கினான். ஊர் திரும்பிய அன்றே, வீட்டுக்குத்தான் வந்துவிட்டோமே என்று நிறுத்திவிட்டான். சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், எங்கே போய் வந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்காமல், வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோதும் அதே மாத்திரைதான். சிறுநீர் கறுத்து, அவன் பேச்சும் குழறத் தொடங்கிய பிறகு என் மனைவி எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்; உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொன்னேன். இரத்தப் பரிசோதனையில் ஃபால்சிபாரம் என்று தெரிந்தது. நரம்பு வழியாக ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். நோயாளி அண்மையில் எங்கே பயணம் செய்தார் என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும், வீட்டுக்கு ஒருவர் கப்பலிலோ வெளிநாட்டிலோ இருக்கும் எங்கள் பகுதியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆகவே மாத்திரை அவசியம் வேண்டும். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் என்றால் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒன்றாக, திரும்பிய பின்னும் 4 வாரம் எடுக்க வேண்டும். உணவுக்குப் பிறகு நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், வெயில் தோலைச் சுடும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும். வாரம் ஒருமுறை எடுக்கும் மெஃப்லோகுயின் மனநலச் சிக்கலோ வலிப்போ உள்ளவர்களுக்கு ஆகாது. பழைய குளோரோகுயின் அங்கே பலன் தராது.

மாத்திரை கடியைத் தடுக்காது என்பதால் அடுத்து உடை. சிறுத்தை வேட்டையில் மாலை சாய்ந்ததும் மறைவிடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். மலேரியாக் கொசு கிளம்பும் நேரமும் அதுதான். வாடை பிடித்து விலங்கு ஓடிவிடும் என்று வேட்டைக்காரர்கள் கொசு விரட்டும் களிம்பு பூசத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறது: முதல் நாளே தெளித்துக் காயவைத்தால் வாடை இராது, சில சலவைகள் வரை தாங்கும். அதைத் தோலில் பூசவே கூடாது. கைக்கும் கழுத்துக்கும் 20 விழுக்காடு பிகாரிடின் பூசலாம். அதுவும் ஏறக்குறைய வாடையற்றது. அல்லது 30 விழுக்காட்டு அளவில் டீட் பூசலாம். வெயில் களிம்பு பூசுவதானால் அதை முதலில் பூசி, இதை அதன் மேல் பூசுங்கள்.

செட்சி ஈக்கு இந்தக் களிம்பெல்லாம் போதாது. அது பகலில் கடிப்பது. ஓடும் வண்டியைத் துரத்திவந்து, மெல்லிய சட்டைக்கு மேலேயே ஊசி ஏற்றுவதுபோலக் கடிக்கும். தூக்க நோயைப் பரப்பும். கருநீலமும் கறுப்பும் அதை ஈர்க்கும் என்பதால், அதைப் பிடிக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் செய்து தொங்கவிடுகிறார்கள். என் மைத்துனன் கருநீலப் பட்டறை உடுப்போடு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறியபோது, அருகில் காக்கிச் சட்டையில் இருந்தவர்களை விட்டுவிட்டு அவன் முதுகிலேயே வரிசையாக வந்து உட்கார்ந்தன. தடம் பார்ப்பவர் ஒருவர், துளையிட்ட தகர டப்பாவில் காய்ந்த யானைச் சாணத்தைப் புகையவிட்டு வண்டியின் பின்புறம் கட்டினார். கண் எரிந்தாலும் ஈ குறைந்தது. சாம்பல் அல்லது காக்கி நிறத்தில் தடித்த துணியாக எடுத்துச் செல்லுங்கள்.

உண்ணியையும் மறக்க வேண்டாம். சுட்ட விலங்கின் உடல் ஆறும்போது உண்ணிகள் இறங்கி, தோலுரிப்பவர் மேல் ஏறிக்கொள்ளும். பேன்ட்டின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகி, இரவில் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பார்த்து, சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டிக் காய்ச்சலும் வந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கென்யா, உகாண்டா போன்ற நாடுகள் வழியாகத் திரும்புவதாக இருந்தால், நம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அந்தத் தடுப்பூசியைக் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் போடுகிறார்கள், புறப்பட 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். திரும்பிய பின் விழுங்க வேண்டிய மாத்திரைகளையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அடுத்த ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும் ஆப்பிரிக்கா போய் வந்ததை நீங்களே சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.